குழாய்க்கு வைத்த பொட்டு

பெட்ரோலிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு டிரம். அதிலுள்ள வெள்ளைக் குருணை, வாயுவோடு வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும். குருணை உறிஞ்சும் சக்தி இழந்து ஓய்ந்துவிட்டால் அமிலம் அடுத்த குழாயை அரித்துவிடும். போன வருஷம் அப்படித்தான் குழாய் வெடித்துத் தொழிலாளி தணிகாசலம் செத்தான்.

"மறுபடியும் குருணை ஓய்ஞ்சிடுச்சு சார்" என்றான் ஒப்பந்தத் தொழிலாளி கன்னியப்பன்.

"நீ என்ன கெமிஸ்ட்டா?" என்றார் மேலாளர் சேதுமாதவன். "ஆலையை நிறுத்தாம, லேபுக்குப் போகாம நிரூபி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

அன்று ஆயுத பூஜை. நெருப்பு ஆகாத இடம், கற்பூரம் கிடையாது, குங்குமம் மட்டும்தான். கன்னியப்பன் தட்டை நீட்டினான்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து வீட்ல செஞ்சது சார். டிரம்மை விட்டு வெளிய வர்ற குழாய்க்கு உங்க கையால பொட்டு வைங்க."

எல்லோரும் பார்க்க, அதிலிருந்து வாயு எடுத்துப் பார்க்கும் சாம்பிள் குழாயின் வாயில் ஈரப் பொட்டு வைத்தார் மேலாளர். கன்னியப்பன் வால்வை லேசாகத் திறந்தான். வாயு பட்டதும் சிவப்புப் பொட்டு மஞ்சளாகிவிட்டது.

"மஞ்சளைச் சிவப்பாக்குன சுண்ணாம்பை அமிலம் தின்னுடுச்சு சார். டிரம்மைத் தாண்டி அமிலம் வருது."

மேலாளர் ஆலையை நிறுத்தச் சொன்னார். பிறகு மெல்லக் கேட்டார்: "பொட்டை நீயே வச்சிருக்கலாமே?"

"நான் வச்சா, நான்தான் கெடுத்தேன்னு சொல்லுவீங்க. தணிகாசலம் பொண்டாட்டி பொட்டு அழிஞ்சப்போ, தப்பு அவன் மேலன்னுதானே எழுதினீங்க?"