மருந்து பட்ட காலிஃபிளவர்

இதை எனக்கு முதலில் சொன்னது தெரேசம்மாள் அக்கா. என் மூத்தவனுக்குக் கல்யாணம் முடிந்த வருஷம், ஐப்பசி மாதம். கோயிலில் ஜெபமாலை முடிந்து, மழை விடட்டும் என்று இருவரும் வாசலில் நின்றிருந்தோம். அக்கா மலையில் ஒரு காய்கறி ஆராய்ச்சித் தோட்டத்தில் பல வருஷம் களை எடுத்தவர். அவர் சொன்னதை என் வாயால் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் இருந்தன. ஒரே குடும்பம்தான். ஆனால் சமையலுக்காக நட்டதில்லை. இலைப்புள்ளி நோய் வந்தால் யார் தாங்குகிறார்கள் என்று பார்ப்பதற்காக நட்டது. தாங்குகிறவரின் விதை மலைக்குக் கீழே இருக்கிற கீழ்ப்பள்ளம் கிராமத்துக்குப் போகும். அங்கே இரண்டு வருஷமாக நோய் வந்து தோட்டமெல்லாம் கருகிக் கிடந்தது. மருந்து வாங்கி அடிக்க அந்த ஜனங்களிடம் வசதி இல்லை.

பாத்திகளுக்கு நடுவே இன்னொரு வரிசையும் உண்டு. பழைய ரகக் கோஸ், காற்று பட்டாலே நோய் பிடிக்கும். அதிலிருந்து எல்லாருக்கும் நோய் சமமாகப் பரவட்டும் என்று வேண்டுமென்றே நடுவார்கள். மற்றவை அதற்கு நோஞ்சான் என்று பேர் வைத்திருந்தன.

“ஏய் நோஞ்சான், அந்தப் பக்கம் திரும்பி மூச்சு விடு!” என்றது நூக்கல்.

“திரும்பினா அந்தப் பக்கமும் உங்க சொந்தக்காரன்தானே இருக்கான்” என்றது நோஞ்சான்.

ஈரக் காற்றோடு நோய் வந்தது. நோஞ்சானின் இலையில் வளையம் வளையமாக உட்கார்ந்துகொண்டு, “அவசரப்படாதீங்க, ஒவ்வொரு வீடா வர்றேன். நானா வரலை, கூப்பிட்டுத்தான் வந்திருக்கேன்” என்றது.

அந்தப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டவள் பொன்ராணி. காலிஃபிளவரைக் குழித்தட்டில் விதை போட்டு முளைக்க வைத்ததும் அவள்தான். நோஞ்சான் கருகுவதைப் பார்த்தாள். அடுத்தது தன் காலிஃபிளவர் என்று தெரிந்தது. மனசு கேட்கவில்லை. உருளைக்கிழங்குக்கு அடித்து மீந்த மருந்து ஸ்பிரேயரில் இருந்தது. யாரும் பார்க்காதபோது காலிஃபிளவர் பாத்தி முழுக்க அடித்துவிட்டாள்.

“என் கண்ணு, உனக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள்.

நோய் அந்தப் பாத்தி வரை வந்து மூக்கைப் பொத்திக்கொண்டது. “இங்கே எனக்கு உட்கார இடமில்லை” என்று திரும்பிவிட்டது.

ஆராய்ச்சி செய்கிற வசுமதி மேடம் நோட்டோடு வந்தார். புள்ளியே இல்லையென்றால் சைபர். முழுக்கக் கருகியிருந்தால் ஒன்பது. நோஞ்சானுக்கு ஒன்பது. நூக்கலுக்கு ஐந்து. முட்டைக்கோஸுக்கு மூன்று. காலிஃபிளவருக்கு சைபர்.

“பொன்ராணிம்மா, இங்க பாருங்களேன்! ஒரு புள்ளி கிடையாது. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தரம் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா இதோட விதைதான் கீழ்ப்பள்ளத்துக்கு.”

பொன்ராணி தலையை மட்டும் ஆட்டினாள்.

மேடம் போனதும் நூக்கல், “பெரிய ஆளாயிட்டே தங்கச்சி! எங்களையெல்லாம் மறந்துடாதே” என்றது. காலிஃபிளவர் சிரிக்கவில்லை. மெதுவாக நோஞ்சான் பக்கம் குனிந்தது.

“அண்ணா, நான் ஜெயிச்சுட்டேனா?”

“நோய் உன்னைத் தொடவே இல்லையேம்மா. நீ தாங்குவியா மாட்டியான்னு யாருக்குத் தெரியும்?”

“நானா மருந்து கேட்டேன்? அவ பாசத்துல அடிச்சா.”

“பாசம்தான். அதனாலதான் நானும் வாயைத் திறக்கலை. ஆனா கீழ்ப்பள்ளத்துல உன் விதைக்கு அடிக்க அவ வர மாட்டாளே.”

“நோய் வந்தா நான் செத்துடுவேனா?” என்றது காலிஃபிளவர்.

“சாகலாம். உன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்.”

மறுநாள் மழை பிடித்தது. காலிஃபிளவர் மழையிடம், “என்னைக் கழுவி விடேன்” என்று கெஞ்சியது. “பசை கலந்த மருந்தும்மா, லேசில் போகாது” என்று மழை கையை விரித்துவிட்டது.

அப்போது காலிஃபிளவர் தனக்கு இருந்த சக்தியெல்லாம் சேர்த்து ஒரு புது இலை விட்டது. மருந்து படாத இலை. அதை நோஞ்சான் பக்கம் நீட்டியது.

“வா, இதுல உட்காரு” என்று நோயைக் கூப்பிட்டது.

நான்காம் நாள் புது இலையில் கடுகு அளவு புள்ளி. ஒரு வாரத்தில் வளையம். அடுத்து விட்ட இலைகளிலும் ஏறிவிட்டது.

பொன்ராணி பார்த்தாள். ஓடிப்போய் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

“வேண்டாம்மா” என்றது காலிஃபிளவர்.

செடி பேசினது அவளுக்குக் கேட்டதோ, அவள் மனசே பேசியதோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். குழாயைப் பிடித்த கை அப்படியே நின்றது. ஸ்பிரேயரைக் கழற்றி வரப்பில் வைத்தாள். ஈரப் புடவையோடு போய் வசுமதி மேடம் முன்னால் நின்றாள்.

“மேடம், அந்த சைபர் நான் போட்டது. மருந்து அடிச்சுட்டேன்.”

மேடம் நோட்டைத் திறந்து சைபரைக் கோடு போட்டு அடித்தார். “எதுக்கு அடிச்சீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“அது பூ விடறதைப் பார்க்கணும்னு ஆசை மேடம்.”

இரண்டாம் தரம் பார்த்தபோது காலிஃபிளவரின் புது இலைகளுக்கு ஏழு. முட்டைக்கோஸ் அதே மூன்றில் நின்றது. விதைக்கு அதைத்தான் எடுத்தார்கள்.

நோய் கண்டதைப் பிடுங்கிக் குழியில் புதைப்பது தோட்டத்து வழக்கம். காலிஃபிளவரை வேறு யாரையும் தொட விடாமல் பொன்ராணியே பிடுங்கினாள். வேர் மண்ணைத் தட்டாமல், கூடையில் போடாமல், நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

“அம்மா, உன் புடவையெல்லாம் மண்ணு” என்றது அது.

அடுத்த வருஷம் கீழ்ப்பள்ளத்தில் முட்டைக்கோஸ் நன்றாக விளைந்தது. மருந்து இல்லாமலே. அறுத்தவர்கள் யாருக்கும் இந்தக் காலிஃபிளவரைப் பற்றித் தெரியாது.

இதைக் கேட்ட உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று ஜெபம் சொல்லும்போது பொன்ராணி போன்ற தாய்மார்களுக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சேர்த்துச் சொல்லுங்கள். நானும் பிள்ளை வளர்த்தவள்தான், அதில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.