உதடு அசைகிற நேரம்

“வண்டி என்னமோ வேகமாத்தாம்ல போகுது, ஆனா...” என்பார் கண்டக்டராக இருந்த பெரியப்பா. அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அவர் சொன்னது தளவாய்க்கு நினைவில்லை.

தளவாய்க்கு நாற்பத்தெட்டு வயது. ரோட்டர்டாமில் இருபது வருடம் வங்கிக் கணினிகளோடு இருந்துவிட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பியவர். மொபைல் ஆப் எழுத அவருக்குக் கற்றுக்கொடுக்கும் ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அவர் எழுதிய ஆப், கர்ப்பிணியின் வயிற்றில் வைத்த மைக் வழியாகக் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணும். விலை குறைந்த ஃபோனில் அது திக்கியது. துடிப்புகள் விட்டுப்போயின. திங்கட்கிழமை ஆறு கிராமச் செவிலியர்கள் அதை நம்பிக் கிளம்ப வேண்டும்.

“கணக்குப் போடுற பகுதியை நேட்டிவ் கோடுல எழுதிட்டேன் டீச்சர். சிப்போட நேராப் பேசுது. பத்து மடங்கு வேகம்.”

“பெறவு என்ன?”

“ஆப் இன்னும் திக்குது. திரையை எழுதியிருக்கிற இந்த மேனேஜ்டு கோடே வேண்டாம். நினைவகத்தை அதுவே சுத்தம் பண்ணிக்கிடும்னு நம்பினதுக்கு இதான் கூலி. திரை, பட்டன் எல்லாத்தையும் நேட்டிவா எழுதப் போறேன். நர்சுகளை அனுப்புற ஆபீசுக்கு, மூணு மாசம் தவணை கேட்டு லெட்டர்கூட ரெடி.”

ஜெசிந்தா டீயை ஊதினாள்.

“அண்ணாச்சி எந்த மீடியம்?”

“அஞ்சாவது வரை தமிழ். பெறவு இங்கிலீஷ்.”

“செவன் எய்ட்ஸ்?”

“...ஃபிஃப்டி சிக்ஸ்.”

“நைன் செவன்ஸ்?”

“...சிக்ஸ்டி த்ரீ.”

“ஒவ்வொண்ணுக்கும் உதடு அசையுதே!”

தளவாய் சிரித்துவிட்டார். “வாய்ப்பாடு தமிழ்லதானே வரும். உள்ள போய்க் கேட்டுட்டு வாறேன்.”

“தமிழ்ல கணக்கு மெதுவா?”

“சேச்சே. அதான் வேகம்.”

அவள் ஒரு தாளில் இருபது பெருக்கல்களை எழுதி நீட்டினாள். “இதைப் போடுங்க. எல்லாம் முடிஞ்ச பெறவு இங்கிலீஷ்ல வாசிங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். டீ ஆறுவதற்குள் வாசித்தும் முடித்தார். பேனாவை மூடப் போனவர் மூடவில்லை.

“டீச்சர்... மைக்ல சத்தம் எண்களாத்தான் வருது. அதை நான் ஒவ்வொண்ணா நேட்டிவ் பக்கம் அனுப்பி, ஒவ்வொண்ணாத் திரும்ப வாங்குறேன்.”

“விநாடிக்கு எத்தனை?”

“நாப்பத்திநாலாயிரம்.”

“உதடு வலிக்காதா அண்ணாச்சி?”

‘ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னா என்னைக்குப் போய்ச் சேர?’ என்று பெரியப்பா முடித்தது நினைவுக்கு வர, தளவாய் லேப்டாப்பைத் திறந்தார். “அப்போ ஒரு நிமிஷச் சத்தத்தை மொத்தமாச் சேத்து, ஒரே தடவையா அனுப்பிருதேன்.”

“ஒரு நிமிஷம் திரை சும்மாவே கிடந்தா, படுத்திருக்கிற பிள்ளத்தாச்சி என்ன நினைப்பா?”

தளவாய் ஒரு நிமிஷம் என்று அடித்ததை அழித்தார்.

அன்று மதியம் அவர் அரை விநாடி ஒலியைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பும்படி மாற்றினார். திரைகளைத் தொடவில்லை. சனிக்கிழமை முழுக்க விலை குறைந்த ஃபோனிலேயே சோதித்தார்; ஒரு துடிப்புகூட விட்டுப்போகவில்லை. பிறகு மூன்று மாதம் கேட்ட கடிதத்தை அழித்துவிட்டு, திங்கட்கிழமை வரச்சொல்லிச் செவிலியர்களுக்குச் செய்தி அனுப்பினார்.