கூழைக்கடா வைத்த விருந்து

ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு சேற்றுத் திட்டு இருந்தது. நண்டுகள் அதில் வளை தோண்டிக் குடியிருந்தன. எதிர்க்கரையில் கூழைக்கடாப் பறவைகள் நடத்தும் துறைமுகம். தூர தேசத்துத் திமிங்கலங்கள் அங்கே சரக்கு சுமந்து வரும்.

திமிங்கலங்களுக்கு ஆழம் போதவில்லை. திட்டைத் தோண்டி எடுத்துவிடுவது என்று கூழைக்கடாக்கள் முடிவு செய்தன. முடிவு செய்த பிறகு நண்டுகளிடம் கருத்துக் கேட்கப் புறப்பட்டன. பெரிய இடங்களில் அப்படித்தான்!

அதிகாரிக் கூழைக்கடா திட்டில் வந்து இறங்கியது. அதன் அலகுப் பை நிறைய மீன் துண்டுகள்.

"அன்பான கரையோர மக்களே! நீங்களும் நாங்களும் ஒரே குடும்பம். முதலில் சாப்பிடுங்கள், பிறகு பேசுவோம்!"

நண்டுகளிடம் ஒரு பழக்கம் உண்டு. பகையாளி வீட்டில் கை நனைக்க மாட்டா. நனைத்துவிட்டால் விருந்து வைத்தவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா. விருந்து வைத்தவரும் சாப்பிட்டவர் குடியைக் கெடுக்க மாட்டார். இதே பழக்கம் கூழைக்கடாக்களுக்கும் இருக்கும் என்று அவை நம்பின. அசட்டு ஜென்மங்கள்!

எல்லா நண்டுகளும் வயிறு முட்டச் சாப்பிட்டன. செவந்தி என்ற சினை நண்டு மட்டும் ஒரு துண்டையும் தொடவில்லை. அதன் வயிற்றடியில் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன.

பதில் மரியாதையாக நண்டுகள் பாசிக்கூழ் கொண்டுவந்து வைத்தன.

"ஐயோ, எனக்கு வயிறு சரியில்லை!" என்றது கூழைக்கடா. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "துறைமுகத்துக்காக இந்தத் திட்டைத் தோண்டப் போகிறோம். மறுப்பு உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம்!"

செவந்தி முன்னால் வந்தது. "ஐயா, தோண்டிட்டா நாங்க எங்க போறது? நான் முட்டைய ஓரத்துத் தண்ணியிலதான் விடணும். ஆழத்துல விட்டா ஒரு குஞ்சுகூட தேறாதுங்க!"

"வாய மூடு செவந்தி!" என்று சீறியது ஊர்த்தலைவர் கொடுக்கன். "விருந்து வெச்சவர நிக்க வெச்சு இப்படியா கேக்குறது? நமக்குன்னு ஒரு மானம் மரியாதை இல்ல?"

"அண்ணே, நீங்கதான் அவரு மீன தின்னீங்க. அவரு நம்ம கூழத் தொடவே இல்லியே! அவரு எப்படி நமக்கு ஒறவாவாரு?"

"பெரிய எடத்துப் பறவ, நம்ம கூழையா குடிக்கும்? சோறு போட்டவரு வீட்ட இடிக்க மாட்டாரு. நீ போ அந்தப் பக்கம்!"

நண்டுகள் செவந்தியைப் பின்னால் தள்ளின. யாரும் வாய் திறக்கவில்லை.

"மறுப்பே இல்லை. மிக்க மகிழ்ச்சி!" என்று கூழைக்கடா பறந்துபோனது.

அடுத்த வற்றத்தில் தண்ணீர் வடிந்ததும் காட்டுப்பன்றிகள் வந்து இறங்கின. தோண்டும் குத்தகை அவற்றுடையது. வளைகள் சரிந்தன. உள்ளே இருந்தவை உள்ளேயே புதைந்துபோயின. கொடுக்கன் அலறிக்கொண்டு துறைமுகத்துக்கு நீந்தியது.

"ஐயா! எங்களுக்கு விருந்து வெச்சீங்களே!"

"ஆமாம், எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டீர்கள்!" என்றது கூழைக்கடா. "கூட்டம் அருமையாக நடந்தது. குறை இருந்தால் அங்கேயே சொல்லியிருக்கலாமே!"

கொடுக்கன் திரும்பி வந்தபோது திட்டு இருந்த இடத்தில் கலங்கிய தண்ணீர்தான் இருந்தது.

செவந்தி ஓரத்தைத் தேடித் தேடி நீந்தியது. எங்கும் கால் எட்டவில்லை. முட்டைகளை அதற்குமேல் அதனால் தாங்க முடியவில்லை. ஆழத்திலேயே விட்டது. மீன்கள் காத்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, இப்பவாச்சும் நான் பேசலாமா?" என்று கேட்டது செவந்தி. கொடுக்கன் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

குடியிருக்கும் இடத்தைப் பறிக்கும் பேச்சு நடக்கும்போது விருந்துக்கு மரியாதை பார்த்து மௌனமாக இருப்பவர்கள், தங்கள் வீட்டோடு, பேசத் துணிந்தவர் வீட்டையும் சேர்த்தே இழக்கிறார்கள்.