அத்தியின் கடுகளவு வாசல்

மரங்கள் ஆள் வைத்து வேலை வாங்கிய அந்தக் காலத்தில், அத்தியும் மற்ற மரங்களைப் போல வெளியேதான் பூத்தது. பூத்தால் மட்டும் போதாது. தேன் தேடி அலைகிறவர்கள் காடு முழுக்க இருந்தார்கள். அவர்களைத் தன் பக்கம் அழைத்துவர ஒவ்வொரு மரமும் ஓர் ஆளை அமர்த்திக்கொள்ளும். ஆற்றங்கரைப் புங்கமரம் ஒரு தேனீயை வைத்திருந்தது. தேனீ போய் ஆடிக் காட்டும், கூட்டம் வரும், காய் பிடிக்கும். அவ்வளவுதான் வேலை.

பக்கத்தில் நின்ற அத்தி பூக்கத் தொடங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. இந்த முறையும் காய்க்காவிட்டால் விதையில்லை, வம்சமில்லை. கவலை நியாயமானதுதான். ஆனால் அது ஆள் தேடிய விதம் இருக்கிறதே!

காக்கையை விட்டு அறிவிக்கச் சொன்னது: "அத்தி மரத்துக்கு ஆள் தேவை. பகலில் தேனீயைப் போல உழைக்க வேண்டும், இரவில் வௌவாலைப் போலக் கண் விழிக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் அழகும் குயிலின் குரலும் வேண்டும். யார் எதைத் தேடப்போகிறார்கள் என்பது அவர்கள் தேடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். காட்டில் எந்தப் பூவைத் தேடினாலும் முதலில் அத்தியே கண்ணில் பட வேண்டும். அத்திப்பூ வேலையில் பத்து வருட அனுபவம் கட்டாயம். வயது இரண்டுக்குள். சம்பளம், தகுதிக்கேற்ப நிழல்."

சொல்லி முடிப்பதற்குள் காக்கைக்கு மூச்சு வாங்கியது.

முதலில் வேலையில்லாத தேனீ ஒன்று வந்தது. "நான் ஆடிக் காட்டினா எங்க கூட்டமே வந்துடும், ஐயா."

"ராத்திரி?" என்று கேட்டது அத்தி.

"ராத்திரி தூங்குவோம்."

"அப்ப சரிப்படாது. பத்து வருஷ அனுபவம் இருக்கா?"

"நீங்க பூக்க ஆரம்பிச்சே மூணு வருஷம்தானே ஆகுது?"

"எதிர்த்துப் பேசறவங்க வேண்டாம்," என்றது அத்தி.

வௌவாலுக்கு அழகு போதவில்லை. வண்ணத்துப்பூச்சிக்குக் குரல் இல்லை. குயில் பாடியே காட்டியது. பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, "சொல்லியனுப்பறோம்," என்றது அத்தி. சொல்லியனுப்பவே இல்லை.

புங்கமரத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, பூ வாட ஆரம்பிச்சிடுச்சு. வந்தவங்கள்ல ஒருத்தரை எடுத்துக்கயேன். ஒரு வேலை ஒழுங்காத் தெரிஞ்சா பத்தாதா?"

அத்திக்கு ரோஷம் வந்துவிட்டது. "தகுதி இல்லாதவங்க என் பூவைப் பார்க்கவே கூடாது," என்று பூக்களையெல்லாம் உள்பக்கமாகச் சுருட்டிப் பை மாதிரி மூடிக்கொண்டது. கடுகளவு துளை மட்டும் விட்டது. "எல்லாம் தெரிஞ்சவனுக்கு இதுக்குள்ள நுழையத் தெரியாதா?"

யாரும் வரவில்லை. பயந்துபோன அத்தி மறுபடி விரியப் பார்த்தது. மூடிய தோல் இறுகிவிட்டிருந்தது. பூக்கள் உள்ளேயே வாடுவது தெரிந்து, பாவம், வாய்விட்டு அழுதது.

அப்போது துளையருகே ஏதோ முண்டியது. கொசுவைவிடச் சிறிய ஒரு குளவிப் பெண். காக்கையின் அறிவிப்பை அவள் கேட்டதேயில்லை. முட்டையிட இடம் தேடி வந்தவள். தலையை நுழைத்து, உடம்பை நெருக்கி, உள்ளே விழுந்தாள். சிறகுகள் பிய்ந்து வாசலிலேயே நின்றுவிட்டன.

பழக்கதோஷத்தில் அத்தி கேட்டது: "உனக்கு என்னென்ன தெரியும்?"

"இதுக்குள்ள வரத் தெரியும்."

"அனுபவம்?"

"இன்னிக்குக் காலையிலதான் அக்கரை அத்தியில பொறந்தேன்."

அவள் உடம்பில் ஒட்டியிருந்த அக்கரைப் பூந்தூள் அதற்குள் பூக்களில் பட்டுவிட்டது. அத்திக்கு உயிர் வந்தது. "சம்பளம் என்ன வேணும், சொல்லு."

"என்னால இனிமே வெளிய போக முடியாது. என் பிள்ளைங்களுக்கு இடம் குடுங்க. அதுங்க இந்த வேலையப் பார்த்துக்கும்."

அத்தி ஒப்புக்கொண்டது. அந்த வருடம் கிளை தாங்காமல் காய்த்தது. அதைப் பார்க்கக் குளவிப் பெண் உயிரோடு இல்லை. இத்தனை காய்ப்புக்கும் பூவை மூடியதுதான் காரணம் என்று நினைத்து, மற்ற அத்திகளும் அப்படியே மூடிக்கொண்டன.

அன்று முதல்தான் அத்திப்பூ யார் கண்ணிலும் படுவதில்லை. பழத்தைப் பிட்டால் உள்ளே சின்னக் குளவிகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு அத்தி யாரிடமும் தகுதி கேட்டதில்லை. வாசலை மட்டும் இன்றுவரை பெரிதாக்கவில்லை. வேலைக்கு வருகிறவள் இப்போதும் சிறகை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.