நாலாவது வால்வு

பொன்னுரங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட எமல்டாவுக்கு நாற்பத்தைந்து. ஏற்காட்டில், ஏரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அவள் கேஸ் அடுப்பும் கீசரும் பழுது பார்த்தாள். முன்பு ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்தவள் என்பதால் அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

முப்பது வருஷம் அவர் மலைமேல் ஒரு ஓட்டலில் சமையல்காரராக இருந்தார். ஓட்டலை மூடியபோது ஆளாளுக்குக் கட்டில், நாற்காலி, அண்டா என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் தோட்டத்து மூலையில் கிடந்த கேஸ் கிரில்லைக் கேட்டு வாங்கினார். எப்போதோ ஒரு எஸ்டேட் துரை கப்பலில் வரவழைத்தது. கம்பி வலைமேல் கறியைப் போட்டு வாட்டுகிற அடுப்பு. நாலு பர்னர். இருபத்திரண்டு வருஷமாக அதை யாரும் பற்றவைக்கவில்லை.

"இதைச் சரி பண்ணக் கத்துக்கொடுங்க டீச்சர்."

"எதுக்கு அண்ணா? கறி சுட்டு விக்கப் போறீங்களா?"

"இல்ல. எரியறதைப் பார்க்கணும்."

எமல்டா உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தாள்.

துரு போக ஒரு மாதம் ஆனது. பர்னர்கள் இற்றுப் போயிருந்தன. குன்னூரில் ஒரு பழைய பங்களாவில் உடைந்து கிடந்த கிரில்லிலிருந்து நாலு பர்னர் கிடைத்தது. கம்பி வலையைச் சேலத்தில் பட்டறைக்காரர் ஒருவர் புதிதாகப் பின்னிக் கொடுத்தார். மூன்று வால்வுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கிரீஸ் போட்டு மாட்டினார்கள். நாலாவது வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.

"இங்க கிடைக்கிற பித்தளை வால்வையே போட்டுக்கலாம். மரை சேரும்" என்றாள் எமல்டா.

"வேண்டாம் டீச்சர். அதே வால்வு வேணும்."

"தீக்கு வித்தியாசம் தெரியாது அண்ணா."

"எனக்குத் தெரியும்."

நாலாவது ஓட்டையை அடைத்துவிட்டு மற்ற மூன்றையும் ஒருநாள் பற்றவைத்துப் பார்த்தார்கள். நீலமாக, ஒழுங்காக எரிந்தது. கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்க முடி பொசுங்குகிற வாடை வந்தது. பொன்னுரங்கம் கதவுவரைக்கும் பின்னால் போய்விட்டார்.

"பழைய பிசுக்கு கருகுது" என்றாள் எமல்டா. பிறகு அவளும் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டாள். பிசுக்கை அவர்கள் எப்போதோ சுரண்டி எடுத்திருந்தார்கள்.

அவர் வால்வைத் தேடி அலைந்தார். சேலத்தில் ஒரு பழைய இரும்புக் கடை பாக்கியில்லை. கோயம்புத்தூருக்கு இரண்டு தடவை போனார். சென்னையில் கப்பல் சாமான் விற்கிறவர்களுக்குப் படம் வரைந்து அனுப்பினார். இருந்த மூன்று வால்வுகளிலும் அடியில் ஒரே எண் வார்க்கப்பட்டிருந்தது. அந்த எண்ணைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

ஐந்தாவது மாதம், கோயம்புத்தூரில் பழைய ஓட்டல் சாமான் விற்கிறவர் ஒருவர் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் கொட்டினார். அதில் இருந்தது. அதே எண். பொன்னுரங்கம் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மலையேறினார். அவர் கொட்டகைக்குள் நுழைந்தபோது மறுநாள் பகல் மணி பன்னிரண்டு இருக்கும். பனி இறங்கி ஏரி மறைந்துவிட்டிருந்தது. எமல்டா விளக்கைப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தாள்.

வால்வை அவரே மாட்டினார். பர்னரைப் பொருத்தாமல், வால்வை மூடி, சிலிண்டரைத் திறந்துவிட்டு, கேஸ் வெளிவரும் துளையில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். கசிவு இருந்தால் குமிழி வரும். வரவில்லை.

"நல்ல வால்வு" என்றாள் எமல்டா.

"இன்னொரு தடவை பார்த்துடறேன்."

மூடினார், திறந்தார், மூடினார். தட்டினார். ஆட்டினார். ஒவ்வொரு தடவை மூடித் தடவியபோதும் சோப்புத் தண்ணீர் அசையவில்லை. பத்துத் தடவைக்கு மேல் ஆகிவிட்டது.

"என்னண்ணா தேடறீங்க?"

"இது தானா திறந்துக்குமான்னு பார்க்கறேன்."

"திறந்துக்காது."

"பழசுதானே டீச்சர். ஒருவேளை..."

எமல்டா சிலிண்டரைக் கழற்றித் தூக்கி வெளியே வைத்தாள். "போதும். சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, மூலையில் ஒரு கீசரின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அவர் போகவில்லை. பிரஷ்ஷை எடுத்து இன்னும் ஒரு தடவை தடவினார்.

குமிழி வந்தது.

மெதுவாக நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்தது.

"டீச்சர், கசியுது. வந்து பாருங்க. நான்தான் சொன்னேனே, இந்த ரக வால்வே கோளாறு." அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை மாதத்தில் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

எமல்டா வந்து குனிந்தாள்.

"சிலிண்டர் வெளியே இருக்கு அண்ணா."

அவர் திரும்பி, வாசலில் பனியில் நிற்கிற சிலிண்டரைப் பார்த்தார். ரப்பர் குழாயின் மறுமுனை சும்மா தரையில் கிடந்தது.

குமிழி சுருங்கித் துளையோடு ஒட்டியது. மறுபடி பெருத்தது. மறுபடி சுருங்கியது. தூங்குகிற ஆளின் மார்பு ஏறி இறங்குகிற வேகம்.

எமல்டா வால்வை இன்னும் இறுக்கினாள். ரப்பர் குழாயை மடித்துக் கயிறு போட்டுக் கட்டினாள். குமிழி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கு முடி பொசுங்கற வாடை வந்துச்சே. இந்த அடுப்புகிட்ட யாரு நின்னா?" என்று கேட்டாள்.

அவர் குமிழியைப் பார்த்தபடியே சொன்னார்.

"ராயப்பன். எனக்கு அடுத்த சமையல்காரன். அன்னைக்குப் பகல் விருந்து. நான் நாலாவது வால்வுத் திருகைத் திறந்துட்டேன். தீப்பெட்டியைக் காணோம். எடுக்கப் போனேன். அதுக்குள்ள ஒரு விருந்தாளி கூப்பிட்டு ஏதோ கேட்டாரு, பேசிட்டே நின்னுட்டேன். ராயப்பன் வந்து முதல் பர்னரைப் பத்தவைக்கத் தீக்குச்சியைக் கிழிச்சான்."

எமல்டா குழாயில் கட்டிய கயிற்றை இன்னும் இறுக்கினாள்.

"முடியெல்லாம் பொசுங்கி, முகம் வெந்து, ஒரு கண்ணு போச்சு. திருகைத் திறந்து வச்சது ராயப்பன்தான்னு மேனேஜர் எழுதினாரு. சாட்சின்னு நான் கையெழுத்துப் போட்டேன். அவனும் மறுத்துப் பேசல. தானேதான் மறந்து திறந்துட்டோம்னு நம்பிட்டான். மறதிக்காரன்னு ஊரே சொல்லிச்சு. அப்புறம் எங்கேயும் அவனை அடுப்புகிட்ட விடல."

"அவரு எப்ப இறந்தாரு?"

"இறக்கல டீச்சர். இங்க பக்கத்துல நாகலூர்லதான் இருக்கான்."

எமல்டா குமிழியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் மூச்சைப் பிடிங்க அண்ணா."

"என்னது?"

"மூச்சை உள்ளே இழுத்துப் பிடிங்க."

அவர் இழுத்துப் பிடித்தார். குமிழி பெருத்தது. பெருத்தபடியே நின்றது. அதன்மேல் விளக்கு வெளிச்சம் வளைந்து தெரிந்தது. அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காது அடைத்தது. அதுவரை குமிழி அசையவில்லை. தாங்க முடியாமல் அவர் மூச்சை விட்டதும் அது சுருங்கியது.

பொன்னுரங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரஷ் அவர் கையிலேயே இருந்தது. மூச்சு விடவே அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் விட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு முன்னால் அந்தக் குமிழி ஏறி இறங்கியது.

"யார்கிட்டயும் சொன்னதில்ல டீச்சர். என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னதில்ல. இன்னைக்கு உங்ககிட்ட சொல்லிட்டேன்."

"ம்."

"முழுசாச் சொல்லிட்டேன். இனிமே நின்னுடுமில்ல?"

எமல்டா அவர் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினாள். துளையைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, புதிதாகச் சோப்புத் தண்ணீரைத் தடவினாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குமிழி மெதுவாக எழும்பியது.

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுது அண்ணா. என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"