வடிவின் அறைக்கு ரோஸ்

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி வடிவு வீட்டுக்கு வருகிறாள். புதன்கிழமை காலையிலும் இராசமாணிக்கத்தால் அவள் அறைக்கு நிறம் முடிவு செய்ய முடியவில்லை.

பக்கவாதம் வந்தபின் அவள் தெளிவாகச் சொன்னது ஒரே சொல். அறைக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று கேட்டார். "ரோஸ்" என்றாள்.

கடையில் ரோஸ் பதினொன்று இருந்தது. ஒன்பதைக் கழித்துவிட்டார். மிச்சம் இரண்டும் சுவரில் அடுத்தடுத்துத் திட்டாகக் காய்ந்திருந்தன. வெயிலில் ஒன்று நன்றாயிருந்தது. டியூப்லைட்டில் அதுவே வெளிறியது. ஜன்னலை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

மூன்று நாளாக ஆஸ்பத்திரிக்கு மகள்தான் போய்வந்தாள்.

"ஐயா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் பெயிண்டர் மரியதாஸ். "இன்னைக்கு அடிச்சாத்தான் வெள்ளிக்குள்ள வாடை போகும்."

"ஒண்ணு இல்லப்பா. நல்லாப் பாரு."

"மூணு நாள்ல ஒரு கல்யாண மண்டபத்தையே முடிச்சிருப்பேன். இங்க பார்த்துக்கிட்டே இருக்கேன்."

இராசமாணிக்கம் தமக்குத் தியானம் கற்றுத்தரும் குருவுக்குப் போன் செய்தார். நாச்சியாரம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சுவரைப் பார்த்தார்.

"எதைம்மா அடிக்கச் சொல்லட்டும்?"

"அவங்களுக்கு எந்தப் பக்கம் திரும்ப முடியும்?"

"இடது பக்கம் மட்டும். இந்தச் சுவர்தான் தெரியும். மாசக்கணக்கா இதைத்தான் பார்த்துட்டிருப்பா. தப்பாயிடக் கூடாது."

"கட்டில்ல படுங்க."

"நானா?"

"பின்னே, மரியதாஸா?"

மரியதாஸ் சிரித்தார். இராசமாணிக்கம் படுத்தார்.

"கழுத்தை மட்டும் திருப்புங்க."

திருப்பினார். இரண்டு திட்டும் தெரிந்தன. "அந்த ஓரத்துல இருக்கறது... இருங்க, கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்றேன்."

"எழுந்திரிக்கக் கூடாது. அவங்களால முடியாது."

அவர் எழவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கழுத்து வலித்தது. கையை ஊன்றப் போய், நிறுத்திக்கொண்டார்.

நாச்சியாரம்மாள் ஸ்டூலை இழுத்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். இராசமாணிக்கத்தின் முகத்தையே பார்த்தார். கால் ஆட்டம் நின்றது.

"சொல்லுங்க. எது?"

"தெரியலம்மா. நீங்க மறைக்கிறீங்க."

"வெள்ளிக்கிழமையிலேருந்து நீங்க மறைங்க."