தரகரின் மூக்கு

தரகர் தணிகாசலத்தின் லாரிக்கு முன்னே அவர் வாய் வந்துவிடும். அன்றைக்கும் பண்ருட்டி முந்திரிக் கம்பெனி வாசலில் நின்று அதட்டினார்.

"ஆப்பிரிக்கக் கொட்டை. அத்தனையும் முதல் தரம். ஒரு மூட்டையையும் பிரிக்கக் கூடாது. பிரிக்காமலே கெட்டதைக் கண்டுபிடிக்கிற கெட்டிக்காரன் இருந்தா வரட்டும்!"

முதலாளி கையைப் பிசைந்தார். போன தடவை பூஞ்சைப் பருப்பு கலந்துபோய், ஏற்றுமதி செய்த சரக்கு முழுதும் திரும்பி வந்து, கம்பெனியே கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது.

கொட்டை உடைக்கும் அஞ்சலாட்சி முன்னால் வந்தாள்.

"ஐயா சொல்லுக்கு மேல சோதனை எதுக்குங்க? உங்க வீட்டுல கல்யாணமாமே. பாயசத்துக்கு ஒரு மூட்டையை நாங்களே சும்மா உடைச்சுத் தர்றோம். எதுன்னு மட்டும் காட்டுங்க."

ஓசி என்றதும் தரகருக்கு வாயெல்லாம் பல். லாரியில் தாவி ஏறினார். ஒரு மூட்டையை மோந்தார், முகம் சுளித்தார். அடுத்ததை மோந்தார், தும்மினார். வரிசை வரிசையாகத் தாண்டி, கடைசி மூலையில் ஒன்றைத் தட்டினார்.

"இது!"

அஞ்சலாட்சி முதலாளியிடம் திரும்பினாள்.

"தரகரு ஐயா வரச் சொன்ன கெட்டிக்காரரு அவரேதாங்க. அந்த ஒண்ணை மட்டும் இறக்கச் சொல்லுங்க. மூஞ்சி சுளிச்சதெல்லாம் அவரோடயே போகட்டும்."